வெயிலைத் தோல் எவ்வளவு தாங்கும்? அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிறத்தைப் பார்த்தே முடிவு கட்டுவதுதான் பலரும் செய்யும் தவறு. 1975இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் வகுத்த தோல் வகைப்பாடுகூட வெயில் பட்டதும் தோல் சிவந்து எரிகிறதா, கறுக்கிறதா என்றுதான் முக்கியமாகக் கேட்டது. அதுவும் முதலில் வெள்ளைத் தோல்காரர்களுக்கு ஒளி சிகிச்சையின் அளவை முடிவு செய்ய வந்தது. கருமையான தோலுக்கான ஐந்தாம், ஆறாம் வகைகள் பிறகு சேர்ந்தவை.

சரி, நிமிடக் கணக்கு வைத்துப் பார்க்கலாமே என்று சிலர் வெயிலில் போய் நிற்கிறார்கள். இதில்தான் பெரிய கோளாறு. தோலுக்குக் கணக்கு நிமிடம் அல்ல, மேலே விழுந்த புற ஊதாக் கதிரின் அளவு. புற ஊதாக் குறியீடு (அந்த நேரத்து வெயிலில் இந்தக் கதிர் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று காட்டும் எண்) 8 இருக்கும்போது சுமார் 8 நிமிடத்தில் விழும் அளவு, குறியீடு 2 இருக்கும்போது விழ 33 நிமிடம் ஆகும். காலையில் அரை மணி நேரம் நின்றும் ஒன்றும் ஆகவில்லை என்பவர் மதியமும் அதே அரை மணி நேரம் நின்றால் என்ன ஆகும்?

தோல் மருத்துவர்கள் வெயில் படாத முதுகிலோ பிட்டத்திலோ சின்னச் சின்னக் கட்டங்களில் படிப்படியாகக் கூடும் அளவில் விளக்கிலிருந்து புற ஊதாக் கதிரைப் பாய்ச்சுவார்கள். எந்தக் கட்டம் லேசாகச் சிவக்கத் தொடங்கியிருக்கிறது என்று 24 மணி நேரம் கழித்துப் பார்ப்பார்கள். அந்த அளவுதான் விடை. உடனே பார்த்துவிட்டு "ஒன்றும் ஆகவில்லை" என்பதும், ஏற்கெனவே வெயிலில் கறுத்த முன்கையில் சோதிப்பதும் வீண். கறுத்த தோலில் சிவப்பு கண்ணுக்கு எளிதில் தெரியாது. தெரியவில்லை என்பதால் பாதிப்பே இல்லை என்று எழுதிவிடக் கூடாது. அப்புறம், கிடைத்த விடை அந்த இடத்துக்கும் அந்த விளக்கின் கதிருக்கும் உரியது. நாளைக்கு நிறம் கறுத்தால் அதுவும் மாறும்.

சன்ஸ்கிரீனில் 30 என்று போட்டிருந்தால் முப்பது மடங்கு நேரம் நிற்கலாம் என்று பெருக்குவதும் உதவாது. ஆய்வகத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிப் பார்த்து வந்த எண் அது. நாம் அவ்வளவு தாராளமாகப் பூசுவதில்லை.

மாத்திரைகளைச் சொல்லாமல் விடுவதுதான் எனக்கு அதிகம் கவலை தருவது. டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக், இரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரோகுளோரோதயாசைடு போன்றவை வெயிலைத் தாங்கும் திறனைக் குறைக்கும். சோதனைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.