அடையாறில் வாடகை வீடு: அட்வான்ஸ் கொடுக்கும் முன் போட வேண்டிய கணக்கு

அடையாறு, பெசன்ட் நகர், மயிலாப்பூர் பக்கம் வீடு தேடுகிறவர்கள் வாடகையை மட்டும் பார்த்துக் கட்டுப்படியாகுமா என்று முடிவெடுக்கிறார்கள். கையைக் கடிப்பது அதோடு ஒட்டிக்கொண்டு வரும் செலவுகள்தான்.

வாடகை 35,000, மெயின்டனன்ஸ் 3,500, அட்வான்ஸ் 3 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். புரோக்கர் கமிஷன் ஒரு மாத வாடகை. காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று இன்னொரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார்கள். 11 மாதத்தில் காலி செய்தால் இந்த இரண்டும் சேர்ந்து மாதத்துக்கு 6,360 ரூபாய். அட்வான்ஸ் பணத்துக்கு 7 சதவீத வட்டி போனதாகக் கொண்டால் இன்னும் 1,750. ஆக மாதச் செலவு 46,600 ரூபாய். அதே வீட்டில் 33 மாதம் இருங்கள்; வருடம் 5 சதவீதம் வாடகை ஏற்றினாலும் சராசரி 44,300க்குள் அடங்கிவிடும். வாடகை ஏற்றிவிட்டார் என்ற கோபத்தில் வீடு மாற்றுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் அட்வான்ஸ் 3 மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் கூடுதலாக எழுதிக் கையெழுத்துப் போட்டால் அதுதான் செல்லும். அதனால் பேரத்தைக் கையெழுத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். பெயின்டுக்கு எவ்வளவு பிடிப்பார்கள், சாவி கொடுத்த எத்தனை நாளில் மீதி அட்வான்ஸ் வரும் என்ற இரண்டும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். குடிபோகும் அன்றே சுவர், கதவு, குழாய் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

தண்ணீர் விஷயத்தை ஓனரிடம் கேட்பதைவிட வாட்ச்மேனிடம் கேட்பது நல்லது. எந்தெந்த மாதம் லாரித் தண்ணீர் வாங்குகிறார்கள், செலவை வீட்டுக்கு இவ்வளவு என்று பிரிக்கிறார்களா, தலைக்கு இவ்வளவு என்றா? மூன்று பேர் உள்ள வீடும் ஏழு பேர் உள்ள வீடும் ஒரே தொகை கட்டும் அப்பார்ட்மென்ட்கள் உண்டு. கடற்கரைப் பக்கம் போர் தண்ணீர் உப்பாக இருக்கும். பாத்ரூம் ஷவரின் துளைகளைப் பாருங்கள்: வெள்ளையாகப் படிந்து பாதி அடைத்திருந்தால் உங்கள் கீசர் காயிலுக்கும் வாஷிங் மெஷினுக்கும் அதே கதிதான்.

கரண்டுக்குத் தனி மீட்டர் கட்டாயம் வேண்டும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது இணைப்புக்குத்தான். சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஓனர் வசூலித்தால் அது உங்களுக்கு வராது. 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரைக்கான சலுகை விலையும் போய்விடும். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள வீட்டில் வாடகை குறைவாக இருந்தாலும் ஏசி ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால், ஏப்ரல், மே மாத பில்லைக் கேட்டு வாங்கிப் பார்க்காமல் சரி சொல்லாதீர்கள். லிஃப்ட் இல்லாத பழைய மூன்று மாடிக் கட்டடத்தின் இரண்டாம் மாடி எங்கள் கணக்கில் நல்ல பேரம்: தலைக்கு மேலே இன்னொரு வீடு இருக்கிறது, மெயின்டனன்ஸும் குறைவு.

பலர் கோட்டைவிடும் இடம் வருமான வரி. இந்தப் பகுதிகளில் ஓனர் வெளிநாட்டில் இருப்பது சகஜம். அவர் என்ஆர்ஐ என்றால், வாடகை எவ்வளவாக இருந்தாலும் 30 சதவீதத்தோடு செஸ்ஸும் (வரி மேல் வரி) சேர்த்து 31.2 சதவீதம் டிடிஎஸ், அதாவது வாடகையைக் கொடுக்கும்போதே கழிக்கும் வரி, பிடித்துக் கட்ட வேண்டியது குடியிருப்பவர் பொறுப்பு. அதற்கு வரி பிடிப்பவருக்கான டான் எண் வாங்க வேண்டும். பிடிக்காமல் விட்டால் வரியும் வட்டியும் உங்கள் தலையில் விழும். ஓனர் இங்கேயே இருப்பவர் என்றால் மாத வாடகை 50,000ஐத் தாண்டும்போது மட்டும் 2 சதவீதம். அட்வான்ஸ் கொடுக்கும் முன், ஓனர் என்ஆர்ஐயா என்று எழுத்தில் கேட்டு, பான் எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.