குரூப் 4-க்குப் படிப்பதைத் தள்ளிப்போடுகிறீர்களா? இந்தத் தவறுகளை விடுங்கள்

தமிழ்நாடு அரசு வேலைக்கான டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறவர்களிடம் பேசிப் பாருங்கள், சிலபஸ் தெரியாதவர் ஒருவரும் இருக்கமாட்டார். 200 கேள்வி, 300 மதிப்பெண், 3 மணி நேரம், பாதிக் கேள்விகள் தமிழில் இருந்து, பள்ளிப் புத்தகங்களை ஒழுங்காகப் படித்தாலே பெரும்பகுதி கைக்கு வந்துவிடும், எல்லாம் தெரியும். ஆனால் புத்தகம் மேசையில் கிடக்கிறது, ஆள் டெலிகிராமில் இருக்கிறார். இதற்குச் சோம்பல் என்று பேர் வைத்து முடித்துவிடுவதுதான் முதல் தவறு.

சோம்பேறிக்கு உறுத்தாது. தள்ளிப்போடுகிறவருக்கோ படம் பார்க்கும்போதும் உறுத்தும், சாப்பிடும்போதும் உறுத்தும். சிரோயிஸ், பிச்சில் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2013-ல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் விளக்கினார்கள்: ஒரு வேலையை நினைத்தாலே வருகிற பயம், சலிப்பு, குழப்பம் ஆகியவற்றிலிருந்து அந்த நிமிடத்துக்குத் தப்பிக்கத்தான் பெரும்பாலும் தள்ளிப்போடுகிறோம். தனிவட்டிக் கணக்கைத் திறக்கிறீர்கள், "நமக்குக் கணக்கு வராது" என்று வயிற்றில் ஒரு கலக்கம், புத்தகத்தை மூடியதும் அப்பாடா என்று இருக்கிறது. அந்த நிம்மதியை மனசு ஞாபகம் வைத்துக்கொள்கிறது, அடுத்த முறை இன்னும் சீக்கிரம் மூடச் சொல்கிறது. பழக்கம் உருவாவது இங்கேதான், மாற்ற வேண்டியதும் இந்த இடத்தைத்தான்.

இது புரியாமல் நாம் மாற்றுவது டைம்டேபிளை. காலை 4 மணிக்கு எழுந்து இரவு 11 வரை கட்டம் போட்டு, வர்ணம் தீட்டி, திங்கட்கிழமையிலிருந்து என்று முடிவெடுத்துவிட்டால் படித்த திருப்தியே வந்துவிடும். பிடிஎஃப் சேர்ப்பதும், வெற்றி பெற்றவர்களின் பேட்டி வீடியோக்களாகப் பார்ப்பதும் இந்த வகைதான். வெளியிலிருந்து பார்த்தால் உழைப்பு மாதிரியே இருப்பதால் வீட்டிலும் யாரும் கேட்கமாட்டார்கள், நம்மையும் நாமே கேட்டுக்கொள்ளமாட்டோம், அதனால் எனக்கு இதுதான் இருப்பதிலேயே ஆபத்தானதாகத் தெரிகிறது.

அப்புறம் "மூட் இல்லை, நாளைக்கு ஃப்ரெஷ்ஷாப் படிக்கலாம்". நாளைக்கும் அதே தனிவட்டிதான், அதே கலக்கம்தான், கூடவே இன்று படிக்காத குற்ற உணர்ச்சியும் சேர்ந்திருக்கும். மூட் வருவதற்குக் காத்திருக்காமல், கலக்கம் இருக்கும்போதே ஒரே ஒரு கணக்கு போடுங்கள். கலக்கம் போகவேண்டும் என்ற அவசியமில்லை. அது இருந்தாலும் பேனா ஓடும் என்பதை மனசு இரண்டு மூன்று நாள் நேரில் பார்த்தால்தான் நம்பும். எப்போது, எங்கே, எது என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். "கணக்கு படிக்கணும்" என்பதை வைத்து எதையும் தொடங்க முடியாது, "ராத்திரி சாப்பிட்டுத் தட்டைக் கழுவியதும், ஹால் மேசையில், தனிவட்டியில் ஒரு கணக்கு" என்றால் தொடங்கலாம். இப்படி நேரத்தோடும் இடத்தோடும் கட்டிவைத்த தீர்மானங்கள் அதிகம் நிறைவேறுகின்றன என்பதை கோல்விட்ஸர் என்ற ஜெர்மன் உளவியலாளரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இனி, நான் மன்றாடிக் கேட்டுக்கொள்கிற விஷயம்: தயவுசெய்து உங்களை நீங்களே திட்டாதீர்கள். "பக்கத்து வீட்டுப் பையன் விஏஓ ஆயிட்டான், நீ இன்னும் இப்படியே இரு" என்று வீட்டில் சொல்வது போதாதென்று நாமும் சேர்ந்து "உருப்படமாட்டேன்" என்கிறோம், அப்படித் திட்டினால்தான் ரோஷம் வரும் என்ற நம்பிக்கை நம் ஊரில் ஆழமாக இருக்கிறது. வருவது ரோஷம் இல்லை, புத்தகத்தைப் பார்த்தாலே அவமானம். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களிடம் செய்து 2010-ல் வெளியான ஆய்வில், முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகத்தான் தள்ளிப்போட்டார்கள். மன்னிப்பது என்றால் பரவாயில்லை என்று விட்டுவிடுவது ஆகாது. "நேற்று படிக்கவில்லை, அது தப்புதான், சரி, இன்று எந்தப் பக்கம்?" அவ்வளவுதான்.

"நோட்டிபிகேஷன் வரட்டும், கடைசி நேர பிரஷர்லதான் எனக்கு ஏறும்" என்பவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்க மாணவர்களிடம் டைஸ், பௌமைஸ்டர் இருவரும் செய்த ஆய்வு 1997-ல் வெளியானது. தள்ளிப்போட்டவர்கள் பருவத் தொடக்கத்தில் மற்றவர்களைவிட நிம்மதியாக இருந்தார்கள், கடைசியில் மற்றவர்களைவிட அதிக மன அழுத்தத்தில் இருந்தார்கள், மதிப்பெண்ணும் குறைவு.

நாள் கணக்கைக் குறைத்துப் போடுவதும் இதோடு சேர்ந்ததே. 1994-ல் வெளியான இன்னொரு கனடா ஆய்வில் மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் ஆகும் என்றார்கள், ஆனது 55 நாளுக்கு மேல். ஆகவே பத்தாம் வகுப்பு அறிவியலை ஒரு வாரத்தில் முடிக்கலாம் என்று தோன்றினால், போன முறை ஒன்பதாம் வகுப்பு அறிவியலுக்கு எத்தனை நாள் ஆனது என்று பார்த்துவிட்டு அந்த எண்ணையே எழுதுங்கள்.