உடற்கல்விப் பாடவேளையில் நாம் விடும் பிழைகள்

இந்த வருடமும் கல்வியியற் கல்லூரியிலிருந்து இரண்டு பேர் எங்கள் பாடசாலைக்குக் கற்பித்தல் பயிற்சிக்கு வந்திருக்கிறார்கள். கெட்டிக்காரர்கள். பாடக்குறிப்பு அச்சடித்த மாதிரி எழுதுகிறார்கள். ஆனால் போன செவ்வாய்க்கிழமை உடற்கல்விப் பாடவேளையில், விளையாட விடாமல் இருத்திய ஒரு பெடியன் வேப்பமரத்தடி வாங்கில் தனியே குந்தியிருந்ததைக் கண்டதும் எனக்கு வயிறு பற்றி எரிந்தது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன் நான் விட்ட அதே பிழை.

தண்ணீர் குடிக்க விடுங்கள், சப்பாத்துக் கயிறு பாருங்கள் என்றெல்லாம் எழுதப்போவதில்லை. அது தெரியாதவர் திருகோணமலை வெயிலில் விசில் பிடிக்கவே கூடாது. ஓட்டத்துக்கும் பிள்ளையின் யோசனைக்கும் படிப்புக்கும் நடுவே நாம் எங்கே சறுக்குகிறோம் என்பது மட்டும்தான் இங்கே.

கடைசிப் பாடவேளைக்குத் தள்ளுவது

நேரசூசி போடும்போது கணிதம் காலையில், உடற்கல்வி மத்தியானம். விளையாடினால் பிள்ளை களைத்துவிடும், பிறகு படிக்காது என்பது காரணம். விஷயம் தலைகீழ்.

அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் சார்ள்ஸ் ஹில்மன் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் 20 பேர். ஒரு நாள் சும்மா இருக்கவிட்டுச் சோதித்தார்கள், இன்னொரு நாள் 20 நிமிடம் நடைப்பொறியில் நடக்கவிட்டு, நெஞ்சுத்துடிப்பு அடங்கியபின் சோதித்தார்கள். சோதனை இதுதான்: பக்கத்தில் இருப்பவை கண்ணைக் குழப்ப, நடுவில் இருப்பதை மட்டும் கவனித்துப் பதில் சொல்ல வேண்டும். நடந்த நாளில் பிழை குறைந்தது. வாசித்து விளங்கிக்கொள்ளும் சோதனையிலும் கூடுதல் புள்ளி. எழுத்துக்கூட்டலிலும் கணக்கிலும் மாற்றம் தெரியவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கவனியுங்கள், அவர்கள் நாக்குத் தள்ள ஓடவில்லை. கொஞ்சம் வேகமான நடை. அதனால் வந்த விழிப்பு அடுத்த பாடத்துக்குத்தான் உதவும். அடுத்த பாடமே இல்லாத நேரத்தில் விளையாட விட்டால், அந்த விழிப்பு நிலாவெளி பஸ்ஸில் ஏறி நித்திரை கொள்ளும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பன்னிரண்டரை மணி மணலில் பிள்ளை களைப்பது வெயிலால். பழி விளையாட்டின் தலையில்.

முப்பது பேருக்கு ஒரு பந்து

ஒருநாள் மணிக்கூட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையை மட்டும் பார்த்தேன். நாற்பது நிமிடப் பாடவேளையில் அவள் அசைந்தது மூன்றரை நிமிடம். மிச்சம் வரிசையில் நின்று முன்னால் நிற்பவளின் பின்னலை இழுத்தாள். 5 முதல் 17 வயது வரையான பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம் மூச்சு வாங்கும் அசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாம் மூன்றரை கொடுக்கிறோம்.

பந்து இல்லையென்றால் கிளித்தட்டு போடுங்கள். சாம்பலால் கோடு கீறினால் போதும், செலவு ஒன்றுமில்லை. கோட்டைக் காப்பவனின் கை எங்கே, நடுக்கோட்டில் ஓடித் தொடவரும் கிளி எங்கே, நம்மவன் எந்தப் பெட்டியில் என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். பாயத் தூக்கிய காலைப் பாயாமல் அடக்கவும் வேண்டும். வகுப்பில் நாம் கேட்கும் அடக்கமும் கிட்டத்தட்ட அதுதானே?

விளையாட்டைப் பறித்துத் தண்டிப்பது

இனித்தான் என் எரிச்சல்.

நான் வேலைக்கு வந்து இரண்டாம் வருடம். தரம் ஐந்தில் ஒரு பெடியன். அவன் கால் ஒரு நிமிடம் சும்மா இருக்காது. அவன் இருக்கும் வாங்கு முழுதும் ஆடும், பக்கத்திலிருப்பவனின் எழுத்துக் கோணும். புலமைப்பரிசில் பரீட்சை வருடம் வேறு. வகுப்பு ரீச்சர் வந்தார். "வீட்டுவேலை செய்யேல்லை சேர், இண்டைக்கு இவனை விளையாட விடாதேங்கோ." புது ஆள் நான், "சரி ரீச்சர்" என்றேன். அடுத்த கிழமையும் அதே சரி. பிறகு அவர் கேட்காமலே நானே மரத்தடியைக் காட்டத் தொடங்கிவிட்டேன். வாய்ப்பாடு எழுதக் கொப்பியும் கொடுப்பேன். அவன் வேப்பமிலையை ஈர்க்கிலிருந்து ஒவ்வொன்றாகப் பிய்த்து, கொப்பியின் நடுவில் அடுக்கி வைத்திருப்பான். கொப்பியில் ஏழாம் வாய்ப்பாடு மூன்று வரியோடு நிற்கும்.

அவன் திருந்தினானா? பாடவேளை முடிந்து வகுப்புக்குப் போனதும் முன்னையிலும் மோசம். பென்சில் எறிவான், கதிரையைத் தள்ளுவான். அதற்குத் தண்டனையாக அடுத்த பாடவேளையும் மரத்தடி. இரண்டாம் தவணை முடிவில் தாய் வந்து நின்றார்: "பள்ளிக்கூடம் போகமாட்டன் எண்டு நிக்கிறான் சேர்." பரீட்சைக்கும் அவன் வரவில்லை.

இப்போது அவனுடைய மகள் எங்களிடம் தரம் இரண்டு படிக்கிறாள். பெற்றோர் கூட்டத்துக்கு வருவான். வாசலில் நின்றே கதைத்துவிட்டுப் போவான், உள்ளே வந்து வாங்கில் இருக்கமாட்டான்.

அன்று எனக்குத் தெரியாததைப் பிறகுதான் படித்தேன். மத்தேயு பொண்டிஃபெக்ஸ், ஹில்மன் முதலானோர் 2013இல் வெளியிட்ட ஆய்வில் 8 முதல் 10 வயதுப் பிள்ளைகள் 40 பேர். பாதிப்பேர் கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் உள்ளவர்கள் என்று வைத்தியர்கள் சொல்லும் வகை. ஒரு நாள் 20 நிமிடம் இருந்து வாசித்தார்கள், ஒரு நாள் 20 நிமிடம் உடற்பயிற்சி. பயிற்சிக்குப் பின் இரு பகுதியினருமே கவனச் சோதனையில் சரியாகச் செய்தார்கள். வாசிப்பிலும் கணக்கிலும்கூட முன்னேற்றம். பிழை விட்டபின் நிதானித்துத் திருத்திக்கொள்வதில் அந்தத் துடிப்பான பிள்ளைகளுக்கே தனியாக ஒரு நன்மை தெரிந்தது. என்னுடைய பெடியனுக்கு அந்தப் பெயர் பொருந்துமா என்று சொல்ல நான் வைத்தியன் இல்லை. ஆனால் எவனுக்கு ஓட்டம் அதிகம் தேவையோ அவனைத்தான் நான் தேடிப்பிடித்து வாங்கில் இருத்தியிருக்கிறேன். இடைவேளை விளையாட்டைத் தண்டனைக்காகவோ படிப்புக்காகவோ பறிக்கக்கூடாது என்று அமெரிக்கச் சிறுவர் வைத்தியர்களின் சங்கமும் அதே 2013இல் எழுதி வைத்திருக்கிறது.

வீட்டுவேலை செய்யாதவனை என்ன செய்வது என்று பயிற்சி ஆசிரியர் கேட்டார், நியாயமான கேள்வி. வகுப்பு ரீச்சரிடம் நான் இப்போது சொல்வது இதுதான்: "விளையாடிப்போட்டு வரட்டும், வந்தபிறகு எழுத வையுங்கோ." கால் ஆடும் பெடியனைக் கிளியாக விடுகிறேன். கிளிக்குத்தான் ஓட்டம் அதிகம்.

இதன் மறுபக்கமும் உண்டு. பிந்தி வந்தவனை மைதானம் சுற்ற விடுவது. ஓடுவது தண்டனை என்று நாமே சொல்லிக்கொடுத்துவிட்டு, பெரியவனானதும் ஏன் அசையமாட்டேன் என்கிறான் என்று கேட்கிறோம்.

"ஓடினால் மார்க்ஸ் கூடும்" என்று வாக்குக் கொடுப்பது

கொடுக்காதீர்கள். 2010இல் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 50 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. உடலசைவுக்கும் படிப்புக்கும் இடையே அளந்த தொடர்புகளில் ஏறக்குறையப் பாதி நன்மை, மற்றப் பாதி மாற்றமில்லை, தீமை மிகச் சில. கனடாவின் கியூபெக்கில் 1970களில், படிப்பு நேரத்தில் வெட்டித் தினமும் ஒரு மணிநேரம் உடற்கல்வி கொடுத்தும் பிள்ளைகளின் புள்ளி இறங்கவில்லை.

ஆகவே ஜனவரியிலேயே பந்தை அலுமாரிக்கு மேல் ஏற்றிவிட்டு ரியூசனுக்கு ஓடும் தாய்க்கு, "விளையாடுவதால் படிப்புக் கெடாது அம்மா" என்று துணிந்து சொல்லலாம். அதற்கு மேல் சொன்னால் முடிவு வரும் நாளில் உங்களைத் தேடி வருவார். வரலாற்றுப் பாடம் ஓடுவதால் தலைக்குள் ஏறாது. இருந்து படிக்கத்தான் வேண்டும்.

இல்ல விளையாட்டுப் போட்டிக்காக மட்டும்

முதலாம் தவணையில் மூன்று கிழமை ஓடவிட்டு, மிச்ச வருடம் மைதானத்தைப் பூட்டுவது உடற்கல்வி இல்லை, திருவிழா.

பெண்பிள்ளைகளிடம் விருப்பம் கேட்பது

விளையாட விருப்பமா என்று கேட்காதீர்கள். அணியில் பெயரைப் போடுங்கள்.

வெறும் வயிறு

"காலமை என்ன சாப்பிட்டனி?" இதைக் கேட்டுவிட்டு விசிலை எடுங்கள்.

மைதானத்தில் மான் நின்றால்

எங்கள் ஊரில் இது நடக்கும். துரத்த விடாதீர்கள். அது போகும்வரை இந்தப் பக்கம் கிளித்தட்டுக்குக் கோடு கீறுங்கள்.