செல்லைத் தொட்டதும் மேக்ரோ ஓட: எக்செல்லில் முதல் பாடம்

ஒரு கடைக்கு டெலிவரி பட்டியல் போட்டுக் கொடுத்தேன். ஏ காலத்தில் (நெடுவரிசையில்) பில் எண், பி காலத்தில் சரக்கு போய்ச் சேர்ந்த தேதி. பி-யில் எந்தச் செல்லைத் தொட்டாலும் அன்றைய தேதி தானாக விழ வேண்டும் என்றார்கள். பட்டன் எதுவும் தேவையில்லை. ஒரு செல் தேர்வானதுமே எக்செல் ‘செலக்‌ஷன்சேஞ்ச்’ என்ற ஈவென்ட்டை, அதாவது ‘இது நடந்தது’ என்ற அறிவிப்பை, எழுப்பும். நம் மேக்ரோவை (எக்செல்லுக்கு நாம் எழுதித் தரும் கட்டளைகளை) அதில் எழுதினால் போதும்.

1. ஃபைலை ‘மேக்ரோ எனேபிள்ட் வொர்க்புக்’ வகையில் சேமியுங்கள். சாதாரண எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஃபைலில் மேக்ரோ தங்காது.

2. கீழே ஷீட்டின் பெயர் மேல் ரைட் கிளிக் செய்து ‘வியூ கோட்’ கொடுங்கள். புதிதாகப் பழகுபவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். இன்சர்ட் மெனுவில் போய் மாட்யூல் (எந்த ஷீட்டையும் சேராத தனிக் கோட் பக்கம்) சேர்த்து அதில் எழுதுவார்கள். எத்தனை முறை கிளிக் செய்தாலும் ஒன்றும் நடக்காது. இந்த ஈவென்ட் அந்தந்த ஷீட்டின் கோட் பக்கத்தில்தான் இருக்க வேண்டும்.

3. மேலே இடது பெட்டியில் ‘ஜெனரல்’ என்றிருப்பதை ‘வொர்க்‌ஷீட்’ ஆக மாற்றுங்கள். செலக்‌ஷன்சேஞ்சின் முதல் வரியும் கடைசி வரியும் தாமே வந்துவிடும். அதில் வரும் ‘டார்கெட்’ என்பது இப்போது தேர்வான செல்.

4. நடுவில் இவற்றை ஆங்கில எழுத்தில் டைப் செய்யுங்கள்:

இஃப் டார்கெட்.கவுண்ட்லார்ஜ் > 1 தென் எக்சிட் சப்
இஃப் இன்டர்செக்ட்(டார்கெட், ரேஞ்ச்("பி2:பி50")) இஸ் நத்திங் தென் எக்சிட் சப்
இஃப் டார்கெட்.வேல்யூ <> "" தென் எக்சிட் சப்
டார்கெட்.வேல்யூ = டேட்

பல செல்களைச் சேர்த்துப் பிடித்தால் முதல் வரி வெளியேறிவிடும். அதில் வெறும் ‘கவுண்ட்’ போடாதீர்கள். ஒரு ஷீட்டில் 1,048,576 வரிசை, 16,384 காலம். மொத்த ஷீட்டையும் யாராவது தேர்ந்தெடுத்தால் அந்த எண்ணிக்கை ‘கவுண்ட்’டுக்குள் அடங்காமல் ஓவர்ஃப்ளோ பிழை வரும். இரண்டாவது வரி, பி2 முதல் பி50 வரை மட்டும் வேலை செய்ய வைக்கிறது.

மூன்றாவது வரியை நான் முதலில் எழுதவில்லை. மறுநாள் கடையில் ஒருவர் கீழ் அம்புக்குறி விசையை அழுத்திக்கொண்டே பி காலத்தில் இறங்கியிருக்கிறார். கடந்து போன ஒவ்வொரு செல்லிலும் பழைய தேதி போய் அன்றைய தேதி ஏறிவிட்டது. கன்ட்ரோல் இசட் கைகொடுக்கவில்லை, ஏனென்றால் மேக்ரோ ஷீட்டில் எதையாவது மாற்றினால் அன்டூ பட்டியல் காலியாகிவிடும். பில் புத்தகத்தைப் பார்த்துத்தான் தேதிகளைத் திரும்ப ஏற்றினோம்.

மவுஸோ, விசைப்பலகையோ, எப்படி நகர்ந்தாலும் இந்த ஈவென்ட் எழும். மூன்றாவது வரி பழைய தேதியைக் காக்கும். ஆனால் காலிச் செல்லைக் கடந்தாலே தேதி விழுவதை அது தடுக்காது. அதனால் ஷீட்டில் எழுதும் வேலைக்கு ‘பிஃபோர்டபுள்கிளிக்’ ஈவென்ட்டைத்தான் நான் சொல்வேன். வலது பெட்டியில் அதைத் தேர்ந்தெடுத்து, இதே நான்கு வரிகளையும் அங்கே மாற்றிவிட்டு, கடைசியில் ‘கேன்சல் = ட்ரூ’ சேருங்கள். தேதி விழுந்தபின் செல் எடிட் நிலைக்குப் போகாது.

செலக்‌ஷன்சேஞ்சை, செய்தி காட்டும் வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு வரிகளும் இடம் மாறியபின் அங்கே இந்த இரண்டை எழுதிப் பாருங்கள்:

அப்ளிகேஷன்.ஸ்டேட்டஸ்பார் = ஃபால்ஸ்
இஃப் டார்கெட்.காலம் = 2 தென் அப்ளிகேஷன்.ஸ்டேட்டஸ்பார் = "தேதி இட டபுள் கிளிக்"

மேற்கோளுக்குள் தமிழுக்குப் பதில் ஆங்கிலத்திலேயே செய்தியை எழுதுங்கள். கோட் பக்கத்தில் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும். பி காலத்தைத் தொட்டால் கீழ்ப்பட்டையில் செய்தி வரும், விலகினால் மறையும். ஷீட்டில் ஒரு எழுத்தும் மாறாது.