பிங்க் ஃப்ளாய்ட் உறுப்பினர்களின் தனி ஆல்பங்களைத் தரவரிசைப்படுத்துவது எப்படி

பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான பிங்க் ஃப்ளாய்டின் ரசிகர்கள் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் வரிகள் எழுதிய ரோஜர் வாட்டர்ஸா கிட்டார் வாசித்த டேவிட் கில்மரா என்பதில்தான் போய் நிற்கும். தனி ஆல்பங்களை வரிசைப்படுத்தச் சொன்னால் இன்னும் மோசம், பாதிப் பேர் ஆல்பத்தைக் கேட்டுவிட்டு வரிசை போடுவதில்லை, தான் எந்தக் கட்சி என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட்டு அதற்கேற்ற மாதிரி அடுக்குகிறார்கள். வாட்டர்ஸ் கட்சிக்காரருக்கு முதல் மூன்று இடமும் வாட்டர்ஸ், கில்மர் கட்சிக்காரருக்கு முதல் மூன்றும் கில்மர், கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட்டும் டிரம்ஸ் வாசித்த நிக் மேசனும் இரண்டு பட்டியலிலும் கடைசியில் கிடப்பார்கள். அந்த இரண்டு பேரையும் முழுசாகக் கேட்காமலே கடைசியில் தள்ளுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒழுங்காகக் கேட்டு, நியாயமாக ஒரு வரிசை போட நான் பின்பற்றும் வழியைச் சொல்கிறேன், நீங்களும் செய்து பாருங்கள்.

முதல் வேலை, எதையெல்லாம் கணக்கில் எடுப்பது என்று முடிவு செய்வது. இதைச் செய்யாமல் ஆரம்பித்தால் பாதி வழியில் சண்டை வரும். என் விதி எளிது: புதிதாகப் பதிவு செய்த ஸ்டுடியோ ஆல்பம், ராக் பாணிப் பாட்டுகள், அட்டையில் முதன்மையாக அவர் பெயர். இதன்படி வாட்டர்ஸுக்கு நாலு: 'தி ப்ரோஸ் அண்ட் கான்ஸ் ஆஃப் ஹிட்ச் ஹைக்கிங்' (1984), 'ரேடியோ கேயாஸ்' (1987), 'அம்யூஸ்டு டு டெத்' (1992), 'இஸ் திஸ் தி லைஃப் வி ரியலி வாண்ட்?' (2017). கில்மருக்கு ஐந்து: அவர் பெயரிலேயே வந்த 1978 ஆல்பம், 'அபவுட் ஃபேஸ்' (1984), 'ஆன் அன் ஐலண்ட்' (2006), 'ரேட்டில் தட் லாக்' (2015), 'லக் அண்ட் ஸ்ட்ரேஞ்ச்' (2024). ரைட்டுக்கு 'வெட் ட்ரீம்' (1978), 'ப்ரோக்கன் சைனா' (1996), அப்புறம் டேவ் ஹாரிஸுடன் ஸீ என்ற பெயரில் செய்த 'ஐடென்டிட்டி' (1984). அதில் அவர் சரிபாதி என்பதால் விதியைக் கொஞ்சம் தளர்த்திச் சேர்த்துக்கொள்கிறேன். மேசனுக்கு 'ஃபிக்டிஷியஸ் ஸ்போர்ட்ஸ்' (1981), ரிக் ஃபென்னுடன் சேர்ந்து 'ப்ரொஃபைல்ஸ்' (1985). மொத்தம் 14.

வாட்டர்ஸின் 'ஸா இரா' ஓர் ஆப்பரா, அதை ராக் ஆல்பத்தோடு மோதவிடுவதில் அர்த்தமில்லை. 2023-இல் அவர் பிங்க் ஃப்ளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பம் முழுவதையும் கிட்டார் சோலோக்களை எடுத்துவிட்டு, நிறையப் பேச்சைச் சேர்த்து மறுபடி பதிவு செய்தது பழைய பாட்டுகளின் மறுவாசிப்பு, அதுவும் வெளியே. பிங்க் ஃப்ளாய்ட் பெயரில் வந்த 'தி ஃபைனல் கட்' வாட்டர்ஸின் தனி ஆல்பம்தானே என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள், கேட்பதில் நியாயமும் இருக்கிறது, ஏனென்றால் அதன் அட்டையிலேயே ரோஜர் வாட்டர்ஸ் எழுதியது, பிங்க் ஃப்ளாய்ட் வாசித்தது என்ற பொருளில்தான் போட்டிருக்கிறார்கள், ரைட் அதில் இல்லவே இல்லை. அதே நியாயப்படி வாட்டர்ஸ் விலகிய பிறகு 1987-இல் வந்த 'எ மொமெண்டரி லாப்ஸ் ஆஃப் ரீசன்' கில்மரின் தனி ஆல்பம் என்று எதிர்க்கட்சி கேட்கும். இந்த வாதத்துக்கு முடிவே கிடையாது. இசைக்குழுவின் பெயரில் வந்தது இசைக்குழுவுடையது என்று வைத்துக்கொண்டு மேலே போங்கள்.

இசைக்குழுவின் தொடக்கக் காலப் பாடகரான சிட் பாரெட்டின் இரண்டு ஆல்பங்களையும் நான் இந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை. அவரை மட்டம் தட்டுவதற்காக அல்ல. 'தி மேட்கேப் லாஃப்ஸ்', 'பாரெட்' இரண்டுமே 1970-இல் வந்தவை. உடல்நிலையும் மனநிலையும் சரியில்லாத ஒரு நண்பனிடமிருந்து பாட்டுகளை எப்படியாவது பதிவு செய்து எடுத்துவிட வேண்டும் என்று முதலாவதன் பிற்பகுதியில் கில்மரும் வாட்டர்ஸும், இரண்டாவதில் கில்மரும் ரைட்டும் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார்கள். முதல் ஆல்பத்தில் 'இஃப் இட்ஸ் இன் யூ' பாட்டைக் கேளுங்கள், அவர் தப்பாகத் தொடங்கி நிறுத்துவது, பேசுவது, மறுபடி தொடங்குவது எல்லாம் அப்படியே விடப்பட்டிருக்கிறது. அதை எடுத்து, பெரிய செலவில் மாதக்கணக்கில் மெருகேற்றிய ஆல்பத்துக்குப் பக்கத்தில் வைத்து மேலே கீழே என்பது இரண்டுக்குமே அநியாயம். தனியாகக் கேளுங்கள், தனியாக நேசியுங்கள்.

அடுத்ததுதான் முக்கியமான படி. பதினாலையும் ஒரே மூச்சில் மனசுக்குள் உருட்டாதீர்கள். ஒரே காலத்தில் வந்தவற்றை முதலில் தங்களுக்குள் மோதவிடுங்கள். இந்த இசைக்குழுவில் அதற்கு அருமையான வாய்ப்பு இருக்கிறது. கில்மரும் ரைட்டும் 1978-இல் வெளியிட்ட முதல் தனி ஆல்பங்கள் இரண்டும் பிரான்ஸிலுள்ள ஒரே ஸ்டுடியோவில், சூப்பர் பேரில் பதிவானவை. காலம் ஒன்று, இடம் ஒன்று, இருவரும் வந்த இசைக்குழுவும் ஒன்று. அப்படியென்றால் நீங்கள் கேட்கும் வித்தியாசம் அந்த இரண்டு மனிதர்களின் வித்தியாசம்தான். கில்மர் ஆல்பம் நெஞ்சு நிமிர்த்திய ராக், கிட்டார் முன்னால் வந்து நிற்கும். 'கம்ஃபர்டப்லி நம்ப்' பாட்டின் இசைக்கரு இந்த ஆல்பத்து வேலையின்போது பிறந்ததுதான், பயன்படுத்தாமல் ஒதுக்கி வைத்தது பிற்பாடு பிங்க் ஃப்ளாய்டின் 'தி வால்' ஆல்பத்துக்குப் போனது. 'வெட் ட்ரீம்' அப்படி முன்னால் வந்து நிற்காது. மெல் காலின்ஸின் சாக்ஸஃபோன், ஸ்னோயி ஒயிட்டின் கிட்டார், நடுவில் ரைட்டின் தயங்கித் தயங்கி வரும் குரல். முதல் தடவை கேட்கும்போது ஒன்றுமே நடக்காதது போலத் தோன்றும், மூன்றாவது தடவையில் அதன் கார்டு (பல சுரங்கள் சேர்ந்தொலிப்பது) மாற்றங்கள் மனசில் உட்கார்ந்துவிடும். பிங்க் ஃப்ளாய்டின் 'விஷ் யூ வேர் ஹியர்' ஆல்பத்தில் நமக்குப் பிடித்த அந்த மூட்டத்தில் எவ்வளவு பங்கு ரைட்டினுடையது என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை.

1984 இன்னும் சுவாரஸ்யம். வாட்டர்ஸ், கில்மர், ரைட் மூன்று பேரும் அந்த ஆண்டின் முதல் பாதியிலேயே ஆல்பம் வெளியிட்டார்கள். வாட்டர்ஸுடையது 1978-லேயே யோசித்தது, அப்போது அவர் இசைக்குழு முன்னால் இரண்டு திட்டங்களை வைத்தார், மற்றவர்கள் 'தி வால்' திட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்கள், ஒதுக்கப்பட்ட மற்றொன்றைத்தான் ஆறு வருஷம் கழித்துத் தனியாகச் செய்தார். ஒரு மனிதனின் கனவுகள், பாட்டுத் தலைப்புகளிலேயே கடிகார நேரம், விடியற்காலை 4:30-இல் தொடங்கி 5:11-இல் முடியும். எரிக் கிளாப்டன் கிட்டார். கில்மரின் 'அபவுட் ஃபேஸ்' நேர் எதிர், ஒவ்வொரு பாட்டும் தனித்து நிற்கப் பார்க்கிறது, இரண்டு பாட்டுக்கு வரிகள் எழுதியது தி ஹூ இசைக்குழுவின் பீட் டவுன்ஷெண்ட், டிரம்ஸில் ஜெஃப் போர்காரோ. ரைட்டும் ஹாரிஸும் ஃபேர்லைட் சிந்தசைசரை முழுதாக நம்பி ஒரு மின்னிசை ஆல்பம் செய்தார்கள், அதில் ரைட் எங்கே இருக்கிறார் என்று தேட வேண்டியிருக்கிறது. மூன்றையும் ஒரே வாரத்தில் கேளுங்கள். ஒருவருக்குக் கதை வேண்டும், ஒருவருக்குப் பாட்டு வேண்டும், மற்றவர் இன்னும் தன் இடத்தைக் கண்டுபிடிக்கவில்லை என்பது தானாகவே புரியும்.

கேட்கும் முறை பற்றி இரண்டு வார்த்தை. வாட்டர்ஸின் ஆல்பங்களைக் கலைத்துப் போட்டுக் கேட்கக் கூடாது, முதல் பாட்டிலிருந்து கடைசி வரை, வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே அமர்வில் கேட்க வேண்டும். வரிகள் புரியாமல் அவரை மதிப்பிடவே முடியாது. கில்மருக்கு அது கட்டாயமில்லை, ஆனால் ஹெட்ஃபோனைவிட நல்ல ஸ்பீக்கரில் கொஞ்சம் சத்தமாக வைத்துக் கேளுங்கள், அவருடைய கிட்டாருக்கு அறையின் காற்று வேண்டும். எந்தப் பதிப்பைக் கேட்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். 'அம்யூஸ்டு டு டெத்' 2015-இல் ஜேம்ஸ் கத்ரியின் கையால் மறுபடி கலவை செய்து வந்தது, 'வெட் ட்ரீம்' 2023-இல் ஸ்டீவன் வில்சனின் புதுக் கலவையில் வந்தது. ஒன்றின் பழைய பதிப்பையும் மற்றொன்றின் புதிய பதிப்பையும் வைத்து ஒலித்தரம் பற்றித் தீர்ப்பு சொல்லாதீர்கள்.

'அம்யூஸ்டு டு டெத்' பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் எப்படிக் கேட்பது என்பதற்கு அதுவே நல்ல பாடம். தொடக்கத்தில் எங்கோ ஒரு நாய் குரைக்கும், ஸ்பீக்கருக்குள்ளிருந்து வராமல் பக்கத்து வீட்டிலிருந்து வருவது போல இருக்கும். க்யூசவுண்ட் என்ற தொழில்நுட்பத்தின் வேலை அது. அப்புறம் ஒரு கிழவரின் குரல். முதல் உலகப் போரில் சண்டையிட்ட ஆல்ஃப் ராசல், காயம்பட்ட பில் ஹப்பர்ட் என்ற சக வீரனைப் போர்க்களத்தின் நடுவில் விட்டுவிட்டு வர நேர்ந்ததைச் சொல்கிறார், அவர் குரலுக்கு அடியில் ஜெஃப் பெக்கின் கிட்டார் அவசரமில்லாமல் ஓடுகிறது. கதை பாதியில் நின்றுவிடும். பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் போர், தொலைக்காட்சி, கடவுள், சந்தை என்று ஆல்பம் எங்கெங்கோ போய்விட்டு, கடைசிப் பாட்டின் முடிவில் அதே ராசல் திரும்ப வந்து, பிரான்ஸிலுள்ள அராஸ் போர் நினைவிடத்தில் ஹப்பர்டின் பெயரைக் கண்டதைச் சொல்லி முடிப்பார். இதைத் துண்டு துண்டாகக் கேட்டவருக்கு அந்த முடிவு ஒன்றும் செய்யாது. முழுசாகக் கேட்டவர் கொஞ்ச நேரம் எதுவும் பேச மாட்டார்.

சரி, கேட்டாயிற்று. இனி எடை போடுவது. 'இதில் கில்மர் இல்லையே', 'இதில் வாட்டர்ஸின் வரிகள் இல்லையே' என்ற குறையோடு தொடங்காதீர்கள். இல்லாததை நிரப்ப அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். வாட்டர்ஸ் கில்மரின் இடத்தில் கிளாப்டனை, பிறகு பெக்கை உட்காரவைத்தார். கிளாப்டன் நன்றாகத்தான் வாசிக்கிறார், ஆனாலும் விருந்தாளியாகவே இருக்கிறார். பெக்கோ அந்த ஆல்பத்தின் இரண்டாவது குரல் ஆகிவிட்டார், அந்த ஒரு காரணமே என் பட்டியலில் இரண்டுக்கும் நடுவே ஆறு இடங்களை வைக்கப் போதுமானது. கில்மர் வரிகளுக்கு மனைவி பாலி சாம்சனிடம் போனார், அது 2006-இல் நன்றாக வேலை செய்தது, 2015-இல் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. ஆனால் 'எ போட் லைஸ் வெயிட்டிங்' மட்டும் விதிவிலக்கு, 2008-இல் இறந்துபோன ரைட்டை நினைத்து எழுதிய பாட்டு, ரைட்டின் பேச்சுக்குரலும் அதில் உண்டு.

பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடாதீர்கள். எல்லாம் ஏழு, ஏழரை என்று வந்து நிற்கும். ஒரு ஆல்பத்தை நடுவில் வையுங்கள், நான் 1978 கில்மரை வைப்பேன். அடுத்ததை எடுத்து அதோடு மட்டும் ஒப்பிடுங்கள், மேலேயா கீழேயா. அதற்கடுத்ததை நுழைக்கும்போது அக்கம்பக்கத்தில் இருப்பதோடு மட்டும் மோதவிட்டால் போதும். ரொம்பவும் தடுமாறினால் ஒரே கேள்வி, இந்த இரண்டில் ஒன்றை இனி ஒருபோதும் கேட்க முடியாது என்றால் எதை விடுவீர்கள்? மனசு உடனே பதில் சொல்லிவிடும்.

என் வரிசை இது: அம்யூஸ்டு டு டெத், ப்ரோக்கன் சைனா, ஆன் அன் ஐலண்ட், வெட் ட்ரீம், லக் அண்ட் ஸ்ட்ரேஞ்ச், 1978 கில்மர், இஸ் திஸ் தி லைஃப், ஹிட்ச் ஹைக்கிங், அபவுட் ஃபேஸ், ஃபிக்டிஷியஸ் ஸ்போர்ட்ஸ், ரேட்டில் தட் லாக், ரேடியோ கேயாஸ், ப்ரொஃபைல்ஸ், ஐடென்டிட்டி. 'ஃபிக்டிஷியஸ் ஸ்போர்ட்ஸ்' பாட்டுகள் எல்லாம் ஜாஸ் கலைஞர் கார்லா ப்ளே எழுதியவை, பாடியது பெரும்பாலும் ராபர்ட் வையட், மேசனின் பெயர் அட்டையில் இருந்தாலும் பிங்க் ஃப்ளாய்டை எதிர்பார்த்துக் கேட்டால் ஏமாற்றம்தான். ஆனால் இந்தப் பட்டியலிலேயே அதிகக் குறும்பும் துணிச்சலும் உள்ள ஆல்பம் அதுதான். 'ரேடியோ கேயாஸ்' பன்னிரண்டாவது இடத்தில் இருப்பதற்கு அந்த எண்பதுகளின் டிரம்ஸ் ஒலிதான் காரணம், 'தி டைட் இஸ் டர்னிங்' மட்டும் அதிலிருந்து தப்பித்தது. 'லக் அண்ட் ஸ்ட்ரேஞ்ச்' ஐந்தாவதா என்று புருவம் உயர்த்துபவர்கள் தலைப்புப் பாட்டில் 2007-இல் ஒரு கொட்டகையில் பதிவான ரைட்டின் கீபோர்டைக் கவனித்துவிட்டு வாருங்கள்.

இரண்டாவது இடத்துக்குத்தான் எல்லாரும் என்னோடு சண்டைக்கு வருவார்கள், தெரியும். 'ப்ரோக்கன் சைனா' ரைட்டின் மனைவி மன அழுத்தத்தோடு போராடியதைப் பற்றிய ஆல்பம், குழந்தைப் பருவத்திலிருந்து மீட்சி வரைக்கும் போகிறது, வரிகளில் பெரும்பங்கு ஆந்தனி மூருடையது. மறுக்கிறவர்கள் ஒரு வேலை செய்யுங்கள். அதில் 'ப்ரேக்த்ரூ' பாட்டை ஷினேட் ஓ'கானர் பாடியிருப்பார், முதலில் அதைக் கேளுங்கள். அடுத்து 2002-இல் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் கில்மரின் மேடைக்கு விருந்தாளியாக வந்து அதே பாட்டை ரைட் தானே பாடிய பதிவு இருக்கிறது, அதையும் கேளுங்கள். கேட்டுவிட்டு அந்த ஆல்பத்தை எந்த இடத்தில் வேண்டுமானாலும் வையுங்கள், ஏன் என்று காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள், நான் உட்கார்ந்து கேட்கத் தயார்.