மாயேபூர் மாளிகையை மாணவர்களோடு பார்க்கும் முறை

மொரீஷியஸ் தீவின் மாயேபூரில் உள்ள தேசிய வரலாற்று அருங்காட்சியகத்துக்குத் தமிழ் மாலைப் பள்ளி மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர், பேருந்தில் ஏறுவதற்கு முன்பே ஒரு சொல்லைச் சரிசெய்துவிட வேண்டும். ஊரார் அதை ‘ஷாத்தோ’ என்கிறார்கள். அதைக் ‘கோட்டை’ என்று தமிழாக்கினால் பிள்ளைகள் அகழியையும் கொத்தளத்தையும் தேடுவார்கள். முதல் முறை நான் அப்படித்தான் சொல்லி அழைத்துப்போனேன், வாயிலைத் தாண்டியதும் ஒரு சிறுமி, “கோட்டைச் சுவர் எங்கே, மிஸ்?” என்று கேட்டுவிட்டாள். நிலக்கிழார்களின் பெரிய வீட்டுக்கும் பிரெஞ்சில் அதே சொல்தான் என்று விளக்கி, ‘மாளிகை’ என்றே சொல்லிவிடுவது நல்லது.

திங்கட்கிழமையைத் தவிர்க்கவும், அன்று மாயேபூர்ச் சந்தை கூடுவதால் பேருந்தும் தெருவும் நெரிசலாக இருக்கும்.

போய்ச் சேர்ந்ததும் உள்ளே நுழைந்துவிடாமல் முற்றத்திலேயே கால்மணி நேரம் நிற்கச் செய்யுங்கள். 1770களில் எழுந்த இந்த வீடு, இவ்வூர் அமைந்த ‘கிராண்ட் போர்’ மாவட்டத்தின் தளபதியாக இருந்த ழான் தெ ரொபியாருடையது. மாயேபூரையோ அப்போது தீவை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் ஆளுநர் தெக்கான் 1806இல்தான் நிறுவினார். ஊரை விட வீடு மூத்தது என்பதைக் கேட்டதும் பிள்ளைகள் நிமிர்ந்து பார்ப்பார்கள். “நம்மவர்கள் கட்டியதா?” என்ற கேள்வியும் வரும். லபூர்தொனே ஆளுநராக வந்த 1735க்குப் பின் புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்கள் தலைநகர் போர் லூயிக்கு வரவழைக்கப்பட்டது உண்மை. ஆனால் இந்த வீடு அதற்கு ஒரு தலைமுறை பிந்தியது. பெருமைக்காக இரண்டையும் முடிச்சுப் போட வேண்டாம். அடிமைமுறை 1835 வரை நீடித்த தீவு இது என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

கண்ணாடிப் பேழைகளுக்குப் போகும் முன் 1810ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் மோதிய கடற்போரைக் கதையாகச் சொல்ல வேண்டும். நேரத்தைத் தாராளமாகச் செலவிட வேண்டிய இடம் இதுவே. துறைமுக வாயிலிலுள்ள பாஸ் தீவைப் பிடித்துக்கொண்ட ஆங்கிலேயர், அதில் பிரெஞ்சுக் கொடியையே பறக்கவிட்டு, துறைமுகத்துக்குள் வந்த பிரெஞ்சுத் தளபதி துய்பெரேயின் கப்பல்களை ஏமாற்றினர். ஆயினும் சண்டை திசைமாறிற்று: சிரியஸ், மஜிசியேன் என்ற இரு ஆங்கிலக் கப்பல்களும் பவளப்பாறையில் தரைதட்டியதால் ஆங்கிலேயர்களே அவற்றுக்குத் தீவைத்தார்கள், நெரெய்ட் என்ற இன்னொரு ஆங்கிலக் கப்பல் சின்னாபின்னமாகிச் சரணடைந்தது. அதன் தலைவர் வில்லோபி ஒரு கண்ணை இழந்தார். துய்பெரேக்கு முகத்தில் காயம். எதிரெதிராக நின்று சுட்டுக்கொண்ட இவ்விருவரையும் இதே வீட்டுக்குக் கொண்டுவந்துதான் சிகிச்சை அளித்தார்கள். இதைச் சொல்லி நிறுத்திவிட்டு, இருவரும் என்ன பேசியிருப்பார்கள் என்று பிள்ளைகளை நான்கு வரி தமிழில் உரையாடலாக எழுதச் சொல்லுங்கள். மனப்பாடக் கட்டுரையை விட அது பல மடங்கு மேல். வென்ற பிரெஞ்சுக்காரர்கள் அதே ஆண்டு டிசம்பரில் தீவையே ஆங்கிலேயரிடம் இழந்தார்கள் என்பதை எழுதி முடித்த பிறகே வெளியிடுங்கள்.

1950இல் அருங்காட்சியகமான இந்த வீட்டில் எல்லாப் பொருளையும் காட்ட முயல வேண்டாம். 1744இல் அம்பர் தீவருகே மூழ்கிய சென் ஜெரான் கப்பலின் மணி முன்னால் மட்டும் சற்று நேரம் நிற்க வையுங்கள். கரும்பாலைக்கான இயந்திரங்களை ஏற்றிவந்த கப்பல் அது. கரும்புத் தோட்டத்துக்கு வந்த மூதாதையரின் கதையை வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த ஒரு செய்தி போதும், மணி தங்களுடையதாகிவிடும்.

திரும்பும்போது ரெகாத் முனைக்கு நடத்திச் செல்லுங்கள். இரு தரப்பிலும் இறந்தவர்களுக்காக 1899இல் எழுப்பிய நினைவுத்தூண் அங்கே நிற்கிறது. அதன் நிழலில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கலாம். எதிரே தெரியும் கடல்தான் போர் நடந்த இடம்.