பைத்தான் தெரியும், அடுத்து எதைப் படிப்பது?

எங்கள் ஆபீஸ் பெருங்குடியில். நாலு மணி டீக்குக் கீழே இறங்கினால், மெட்ரோ வேலைக்காக அடைத்துவைத்த தகரத்தை ஒட்டி ஒரு கடை. அங்கே ஜூனியர் பையன்களில் யாராவது, அடுத்து எந்தப் புரோகிராமிங் மொழி என்ற இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார்கள்: "அண்ணா, பைத்தான் நல்லா வரும். அடுத்து ரஸ்ட் போகட்டுமா, கோ போகட்டுமா?" நான் நேரடியாகப் பதில் சொல்வதில்லை. "போன மாசம் வேலையில எது உன்னை ரொம்பப் படுத்திச்சு?" என்று திருப்பிக் கேட்பேன். பாதிப் பேருக்கு அதை யோசிக்கும்போதே விடை வந்துவிடுகிறது.

ஒவ்வொரு மொழியும் யாரோ ஒருவருக்கு இருந்த குறிப்பிட்ட ஒரு தொல்லையிலிருந்து பிறந்ததுதான். கூகுளில் பெரிய சர்வர் புரோகிராம்கள் கம்பைல் ஆகும்வரை, அதாவது எழுதியது கம்ப்யூட்டர் ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாறும்வரை, காத்திருந்து அலுத்துப்போனவர்கள் 2009இல் கோ மொழியை வெளியிட்டார்கள். ஜாவாஸ்கிரிப்ட் கோடு பெரிதாகப் பெரிதாகக் கைக்கு அடங்காமல் போனதால் மைக்ரோசாஃப்ட் 2012இல் டைப்ஸ்கிரிப்டைக் கொண்டுவந்தது. சி மொழி அளவுக்கு வேகமும் வேண்டும், அதில் வரும் மெமரி தவறுகளும் கூடாது என்று நினைத்தவர்களின் உழைப்புதான் 2015இல் 1.0 ஆக வந்த ரஸ்ட். அந்தத் தொல்லை உங்களுக்கும் இருந்தால் அந்த மொழி மனசில் ஒட்டும். இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல மொழியானாலும் மூன்று மாதத்தில் போய்விடும்.

இது எனக்கே நடந்தது. சில வருடங்களுக்கு முன் வேளச்சேரியில் ஒரு பயிற்சி மையத்தில் பணம் கட்டி ஸ்காலா என்ற மொழியைப் படித்தேன். வேலை வாங்கித் தருவதாகவும் சொன்னார்கள், ஒரு இன்டர்வியூகூட வரவில்லை. ஆனால் அதைவிட என்னை உறுத்தியது வேறு: எங்கள் டீமில் ஸ்காலா ஒரு வரிகூடக் கிடையாது, அதனால் படித்ததைப் போட்டுப் பார்க்க இடமே இல்லை. இன்று அதில் ஒரு சின்ன புரோகிராம் எழுதச் சொன்னால் முதல் வரியிலிருந்து தேடத்தான் வேண்டும்.

அதனால் முதலில் எதற்காகப் படிக்கிறீர்கள் என்று தெளிவாக முடிவு செய்யுங்கள். வேலை மாறவா, இருக்கிற வேலையைச் சுலபமாக்கவா, இல்லை வேறு மாதிரி யோசிக்கப் பழகவா? மூன்றும் நல்ல காரணங்கள்தான். ஆனால் மூன்றுக்கும் ஒரே மொழி கிடைப்பது அபூர்வம்.

வேலை மாறத்தான் என்றால், எந்த மொழி பிரபலம் என்ற பட்டியல்களை மூடிவைத்துவிட்டு, நீங்கள் நிஜமாகவே விண்ணப்பிக்கக்கூடிய வேலை விளம்பரங்கள் 30 எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைக்குள், உங்கள் அனுபவத்துக்கு ஏற்றவை மட்டும். ஒரு தாளில் மொழிப் பெயர்களை எழுதி, எது கட்டாயம் என்று வருகிறதோ அதற்கு ஒரு கோடு, எது தெரிந்தால் நல்லது என்று வருகிறதோ அதற்கு ஒரு புள்ளி போடுங்கள். ஒரு மணி நேர வேலைதான். புள்ளிகளை நம்பி ஆறு மாதம் செலவழிக்காதீர்கள், கோடுகளை மட்டும் பாருங்கள். இந்த ஊரிலேயே தெருவுக்குத் தெரு கணக்கு மாறும். ஓஎம்ஆர் சர்வீஸ் கம்பெனிகளில் ஜாவாவும் டாட்நெட்டும் இன்னும் சோறு போடுகின்றன. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் சம்பந்தப்பட்ட வேலைக்கு சி, சி பிளஸ் பிளஸ். ஆண்ட்ராய்டு ஆப் எழுதுகிறவர்களுக்குக் கோட்லின்தான், 2019இலேயே கூகுள் அதற்கு முதலிடம் கொடுத்துவிட்டது.

இருக்கிற வேலையே படுத்துகிறது என்றால், நான் பத்தில் ஆறு பேருக்குச் சொல்வது எஸ்க்யூஎல், டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் மொழி. முகம் சுளிப்பார்கள், அது ஒரு மொழியா என்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு அதில் தகவலை எடுக்கும் செலக்டும் (select), நிபந்தனை போடும் வேரும் (where) மட்டும்தான் தெரியும். ஒருமுறை ஒரு தம்பியின் ஸ்க்ரீனைப் பார்த்தேன்: டேட்டாபேஸிலிருந்து இரண்டு டேபிளை முழுசாக லேப்டாப்புக்கு இழுத்து, ஒரு ஃபார் லூப்புக்குள் இன்னொரு ஃபார் லூப் போட்டு வாடிக்கையாளர் எண்ணை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு டேபிளைப் பொருத்தும் ஜாயின் ஒன்று போட்டால் டேட்டாபேஸே செய்துகொடுக்கும் வேலை. தகவலைத் தொகுக்கும் குரூப் பை, பக்கத்து வரிகளோடு சேர்த்துக் கணக்குப் போடும் விண்டோ ஃபங்ஷன், தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ் எப்போது உதவும் எப்போது உதவாது, இவ்வளவையும் ஒழுங்காகக் கற்க ஒரு மாதம் போதும். 1970களில் பிறந்த மொழி, இன்றும் எந்த ஆபீஸுக்குப் போனாலும் கூடவே வருகிறது.

யோசிக்கும் விதம் மாற வேண்டும் என்றால், தூரமாகப் போங்கள். ஜாவாவிலிருந்து சி ஷார்ப்புக்குப் போவது வேளச்சேரியிலிருந்து மடிப்பாக்கத்துக்கு வீடு மாற்றுவது மாதிரி. பஸ் நம்பர் மாறும், மளிகைக் கடை மாறும், தண்ணீர் லாரிக்காரர் மாறுவார், மற்றபடி அதே வாழ்க்கைதான். பைத்தானிலிருந்து ரஸ்டுக்கோ ஹாஸ்கலுக்கோ எலிக்சிருக்கோ போனால்தான் ஊரே மாறும். ரஸ்டில் ஒரு ஸ்ட்ரிங்கை (எழுத்துத் தொடரை) இன்னொரு பெயருக்குக் கொடுத்துவிட்டால் பழைய பெயரை அதற்கப்புறம் தொட முடியாது, கம்பைலர் அங்கேயே நிறுத்திவிடும். முதல் வாரம் கோபம் வரும். அப்புறம் பைத்தானுக்குத் திரும்பி வந்து ஒரு லிஸ்டை ஃபங்ஷனுக்குள் அனுப்பும்போது, இதை இப்போது யார் யார் மாற்றலாம் என்று கை தானாகத் தயங்கும். அந்தத் தயக்கத்துக்காகவே ரஸ்ட் படிக்கலாம்.

சரி, இரண்டு மூன்று பெயர் கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனிமேல் வீடியோ பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரே ஒரு சின்ன புரோகிராமை ஒவ்வொன்றிலும் எழுதிப் பாருங்கள், ஒரு மொழிக்கு ஒரு சனி ஞாயிறு. நான் கொடுக்கும் கணக்கு எப்போதும் இதுதான்: ஒரு தமிழ்க் கோப்பைப் படித்து, எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, அதிகம் வருவதிலிருந்து வரிசைப்படுத்திக் காட்ட வேண்டும். கோப்பு, ஸ்ட்ரிங், டிக்ஷனரி, வரிசைப்படுத்தல், கோப்பு இல்லாவிட்டால் என்ன செய்வது, எல்லாமே இதில் வந்துவிடும்.

அதோடு நம் மொழி நமக்கு ஒரு கூடுதல் பாடமும் நடத்தும். "தமிழ்" என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டுப் பாருங்கள். பைத்தான் 5 என்கிறது. ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் 5. கோவும் ரஸ்டும் 15. ஸ்விஃப்டும் எலிக்சிரும் 3. யாரும் பொய் சொல்லவில்லை. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று 5 துண்டு. அதைச் சேமிக்கும் யூடிஎஃப் 8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 15. படிக்கிற நம் கண்ணுக்கு த, மி, ழ் என்று 3 எழுத்து. ஒரு மொழி எதை முதலில் எண்ணிக் காட்டுகிறது என்பதிலேயே, அது கம்ப்யூட்டரின் பக்கம் நிற்கிறதா படிக்கிறவர் பக்கம் நிற்கிறதா என்று ஓரளவு தெரிந்துவிடும். இன்னும் ஒரு படி போனால், "கோ" என்ற எழுத்தையே இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க வுக்குப் பின் ஓகாரக் குறி ஒன்றே வரலாம், இல்லை ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாக வரலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், பெரும்பாலான மொழிகளில் உங்கள் புரோகிராமோ அவற்றைத் தனித்தனியாக எண்ணும். இதைச் சரிசெய்யும் வசதி பைத்தானிலும் ஜாவாவிலும் கூடவே வருகிறது, ரஸ்டில் வெளி லைப்ரரி, அதாவது பிறர் எழுதிவைத்த தொகுப்பு, சேர்க்க வேண்டும். அந்த லைப்ரரியைத் தேடி, அதன் விளக்கத்தைப் படித்து, இணைத்து ஓடவைக்க உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த மொழியோடு தினமும் குடித்தனம் நடத்துவது எப்படி இருக்கும் என்பதை அந்த நேரம் சொல்லிவிடும்.

எழுதும்போது ஏஐயிடம் விடை கேட்காதீர்கள், அந்த இரண்டு நாள் மட்டுமாவது. வேலையில் தாராளமாகப் பயன்படுத்துங்கள், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் கம்பைலர் கத்தும்போது அது என்ன சொல்கிறது என்று நீங்களே படித்துப் புரிந்துகொள்ள முடிகிறதா என்று பார்க்கத்தான் இந்தச் சோதனை.

தனியாக உட்கார்ந்து படித்தால் மூன்றாம் வாரம் விட்டுவிடுவீர்கள், அனுபவத்தில் சொல்கிறேன். சென்னைபை என்று பைத்தான்காரர்கள் கூடும் குழு இருக்கிறது, லினக்ஸ் ஆர்வலர்களுக்கு ஐஎல்யூஜிசி இருக்கிறது, போய் உட்காருங்கள். அங்கே வருகிறவர்கள் வேறு மொழியும் எழுதுகிறவர்கள்தான். வீட்டில் சத்தம் என்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் வைத்துப் படிக்கத் தனி இடம் உண்டு. பாடத்துக்கு, ஐஐடிகளின் ஆன்லைன் வகுப்புகள் உள்ள என்பிடிஇஎல் இலவசம், தேர்வு எழுதிச் சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் கட்டணம்.

டீக்கடையில் ரஸ்டா, கோ மொழியா என்று கேட்டவர்களில் ஒரு தம்பியின் கதையை விட்டுவிட்டேனே. அவனைப் படுத்தியது தினமும் காலை நாற்பது நிமிடம் ஓடும் ஒரு ரிப்போர்ட். முதலில் எஸ்க்யூஎல் படித்து அதை மூன்று நிமிடத்துக்குக் கொண்டுவந்தான். போன மாதம் அவனுக்கு வேறு வேலை வந்தது: பல கிளைகளிலிருந்து ஆயிரக்கணக்கான கோப்புகளை ஒரே நேரத்தில் இழுத்து வைக்க வேண்டும். எழுத்து எண்ணும் கணக்கை ரஸ்டிலும் கோ மொழியிலும் போட்டுப் பார்த்துவிட்டு, இரண்டாவது சனிக்கிழமை கோ மொழியை எடுத்துக்கொண்டான். இப்போது டீக்கடையில் கேள்வி கேட்பது நான்.